கிழக்கே கூவிய ஆள்காட்டி

கல்மடு என்ற காட்டுக் குளத்தின் கரையில் ஒரு பெரிய மருத மரம் இருந்தது. அந்த மரத்தில் வாலழகன் என்ற சாம்பல் மந்தி வாழ்ந்து வந்தது. விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும்போது, வாலழகன் உச்சிக்கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். சிறுத்தையோ செந்நாயோ தென்பட்டால் மரத்தை உலுக்கிக் கத்தும். விலங்குகள் ஓடித் தப்பிவிடும்.

மந்தியிடம் செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி வேலை பார்த்தது. அதற்குக் கண்ணோரத்தில் சிவப்புச் சதை, நீண்ட மஞ்சள் கால்கள், ஊருக்கே கேட்கும் குரல். புல்லுக்குள் பதுங்கி வரும் விலங்கு மரத்தின் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் தரையைப் பார்த்துக்கொள்வது செங்கண்ணியின் பொறுப்பு. அது முதலில் கூவும். அதைக் கேட்டுத்தான் மந்தி கத்தும்.

ஆனால் விலங்குகள் எல்லாம் மந்தியிடம் போய், "நல்ல வேளை, நீ பார்த்தாய்!" என்று சொல்லும்.

மூன்று ஆண்டுகள் செங்கண்ணி பொறுத்துக்கொண்டது. நான்காம் ஆண்டு, மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிய ஒரு காலையில், மருத மரத்தடியில் வந்து நின்றது.

"அண்ணே! இனிமேல் நான் உங்களிடம் வேலை பார்க்கப் போவதில்லை."

மந்தி மேலேயிருந்து எட்டிப் பார்த்தது. "ஏன்? புழு போதவில்லையா?"

"புழு போதும். பெயர்தான் போதவில்லை. பார்ப்பது நான், பாராட்டு உங்களுக்கு! நானே தனியாக ஒரு காவல் நிறுவனம் நடத்தப் போகிறேன்."

மந்தி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தது. "நீயா? உன் காலில் ஒரு கிளையைப் பிடிக்கக்கூட விரல் கிடையாது. எங்கே உட்கார்ந்து காவல் பார்ப்பாய்?"

"தரையில்தான்! ஆபத்து தரையில் நடந்துதானே வருகிறது?"

"போ, போ! ஒரு கோடையைத் தாண்டிக் காட்டு. பிறகு பேசலாம்!"

"தாண்டிக் காட்டுகிறேன்!" என்று சொல்லிவிட்டு செங்கண்ணி விர்ரென்று பறந்தது.

முதலில் அது தேடிப் போனது பொட்டழகி என்ற புள்ளிமானை. பொட்டழகிக்கு அப்போதுதான் மின்னி என்ற பெண் குட்டி பிறந்திருந்தது.

"அக்கா, மந்தி கத்தினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று செங்கண்ணி கேட்டது.

"'எங்கே, எங்கே' என்று நாலு பக்கமும் பார்ப்போம்."

"பார்த்துக்கொண்டே நின்றால் சிறுத்தை பக்கத்தில் வந்துவிடாதா? என் காவலில் அந்த வேலையே இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே நின்று நான் கூவுவேன். நான் கூவும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நீங்கள் ஓட வேண்டும். யோசிக்க வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். ஓடினால் போதும்!"

பொட்டழகி காதை ஆட்டியது. "நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு என்ன கூலி?"

"நீங்கள் மேயும்போது புல்லிலிருந்து பூச்சி பறக்கும் அல்லவா? அது போதும் அக்கா."

தை மாதம் முடிவதற்குள் ஒரு சிறுத்தை வந்தது. குளத்தின் தெற்குக் கரையில் செங்கண்ணி கூவியது. பொட்டழகியின் கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடக்கே ஓடியது. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பிப் போனது.

அவ்வளவுதான்! காடு முழுக்க அதே பேச்சு.

உருமன் என்ற காட்டுப்பன்றி வந்தது. "நான் சேற்றில் புரளும்போது எனக்குக் கண் தெரியாது. என்னையும் பார்த்துக்கொள்வாயா? சேற்றைக் கிளறிப் புழு எடுத்துத் தருகிறேன்."

"ஓ! பார்த்துக்கொள்கிறேன்!"

நீலன் என்ற மயில் வந்தது. "நான் ஆடும்போது என் தோகையைத் தவிர எனக்கு வேறெதுவும் ஞாபகம் இருப்பதில்லை."

"ஓ! நீங்கள் ஆடுங்கள்!"

செவியன் என்ற முயல் வந்தது. "எனக்கு என் நிழலைக் கண்டாலே பயம். அதற்கும் ஒரு குரல் கொடுப்பாயா?"

"ஓ! அதற்கும் கொடுக்கிறேன்!"

செங்கண்ணியின் இணை தத்தன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "யார் வந்தாலும் 'ஓ' என்கிறாயே. நமக்கென்று ஒரு வேளை வராதா?"

"முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்!"

பங்குனியில் அந்த வேளை வந்தது. குளத்தின் மேற்குக் கரையில் சரளைக் கற்கள் பரந்து கிடந்தன. அங்கே செங்கண்ணி நான்கு முட்டைகள் இட்டது. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. முட்டைகள் கற்களோடு கற்களாகக் கிடந்தன. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது.

ஆள்காட்டிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டை இருக்கும் இடத்தை அவை யாருக்கும் சொல்வதில்லை. பகை நெருங்கினால் முட்டையை விட்டுச் சத்தமில்லாமல் குனிந்து ஓடும். வேறு எங்கோ ஒரு பக்கம் போய் நின்று, அங்கே கூவும். சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கும். பகை அந்தப் பக்கம் திரும்பும். முட்டை தப்பும். இதை எந்த ஆள்காட்டியும் கற்றுக்கொள்வதில்லை. பிறக்கும்போதே தொண்டையிலும் சிறகிலும் அது இருக்கும்.

தத்தன் முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி கேட்டது. "வாடிக்கையாளர்களிடம் நீ என்ன சொல்லியிருக்கிறாய்?"

"நான் கூவும் இடத்தில் ஆபத்து இருக்கும் என்று."

"முட்டை இருக்கும்போது நாம் எங்கே கூவுவோம்?"

செங்கண்ணி ஒரு கல்லை அலகால் புரட்டியது.

"ஆபத்து இல்லாத இடத்தில்தானே? அவர்களிடம் சொல்லிவிடு. குஞ்சு பொரிக்கும் வரை காவல் கிடையாது என்று சொல்."

"ஒரு மாதம் மூடிவைத்தால் எல்லோரும் திரும்ப மந்தியிடம் போய்விடுவார்கள். ஒரு கோடைகூடத் தாண்டவில்லை என்று அது வாலை ஆட்டிச் சிரிக்கும். நான் கவனமாக இருப்பேன், தத்தா."

"இது கவனத்தில் நடக்கிற காரியமா?"

"இருப்பேன் என்று சொல்கிறேன் அல்லவா!"

அன்றிலிருந்து செங்கண்ணி சின்னச் சின்னப் பொய்கள் சொல்ல வேண்டியிருந்தது. உருமன் சரளைப் பக்கம் நடந்தால், "அங்கே போகாதே! விரியன் பாம்பு இருக்கிறது!" என்று தடுத்தது. "இப்போதெல்லாம் நீ ஏன் மேற்குக் கரையை விட்டு நகர்வதே இல்லை?" என்று பொட்டழகி கேட்டது. "அங்கே காற்று நன்றாக வருகிறது, அக்கா" என்று சொன்னது. பொட்டழகி நம்பிவிட்டது. அது நம்பிய விதத்தைப் பார்க்கச் செங்கண்ணிக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

சித்திரை வெயில் ஏறியது. குளம் சுருங்கியது. நடுவில் ஒரு சின்னக் குட்டையாகத்தான் தண்ணீர் மிஞ்சியது. மானும் பன்றியும் மயிலும் முயலும் ஒரே நேரத்தில் அங்கே கூட வேண்டியதாயிற்று.

ஒரு நண்பகலில் எல்லோரும் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தத்தன் இரை தேடிப் போயிருந்தது. செங்கண்ணி முட்டைகளின் மேல் இருந்தது.

அப்போது மேற்குப் பக்கத்து உண்ணிச்செடிப் புதருக்குள் ஏதோ அசைந்தது. கூட்டத்தைப் பிரிந்து வந்த ஒரு செந்நாய்! பசியில் அதன் வயிறு ஒட்டியிருந்தது. வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு, சரளைக் கற்களின் பக்கமாகத் தண்ணீரை நோக்கி நகர்ந்தது. முட்டைகளுக்கும் அதன் கால்களுக்கும் நடுவே பத்து அடிகூட இல்லை.

'நேர் மேலே எழுந்து கூவ வேண்டும்' என்று செங்கண்ணிக்குத் தெரியும். அதைத்தான் செய்யப்போவதாகவும் நினைத்தது.

ஆனால் கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன. சத்தமே இல்லாமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு, கரையைச் சுற்றி ஓடின. கிழக்குக் கரையில் புல் காய்ந்து வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே போய் நின்ற பிறகுதான் தொண்டை திறந்தது. செங்கண்ணி கூவியது! கூவிக்கூவி, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தது!

கிழக்கே கூவல் கேட்டது. விலங்குகள் யோசிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபடியே மேற்கே ஓடின.

மருத மரத்தின் உச்சியிலிருந்து மந்தி எல்லாவற்றையும் பார்த்தது. "மேற்கே போகாதீர்கள்! செந்நாய் மேற்கே! மேற்கே!" என்று அடித்தொண்டையில் கத்தியது.

"பொறாமைக் குரங்கு! ஆளைக் குழப்பப் பார்க்கிறது! ஓடுங்கள்!" என்று உருமன் ஓடிக்கொண்டே உறுமியது.

முன்னால் ஓடியது மின்னி. குட்டிகளுக்குக் கால் லேசு அல்லவா? அது நேராகச் செந்நாயின் வாயில் போய் விழுந்தது.

பொட்டழகி போட்ட சத்தத்தில் மயில்கூட நடுங்கிவிட்டது. பின்னால் வந்த உருமன், தன் முன்னால் செந்நாய் நிற்பதைக் கண்டதும் நிற்க முடியாமல் அப்படியே போய் மோதியது. அந்த மோதலில் செந்நாயின் பிடி விட்டது. அது உருண்டு எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டது.

மின்னி உயிரோடு இருந்தது. ஆனால் அதன் பின்னங்கால் தொடையிலிருந்து முழங்கால் வரை கிழிந்து தொங்கியது.

நான்கு முட்டைகளும் பத்திரமாக இருந்தன.

செங்கண்ணி கிழக்குக் கரையிலேயே நின்றது. சிறகு இன்னும் தரையில் கிடந்தது. மடக்க மறந்துவிட்டது. எல்லோரும் தன்னை அடித்து விரட்டப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தது.

செவியன்தான் முதலில் ஓடிவந்தது. "ஐயோ, செங்கண்ணியைப் பாருங்கள்! சிறகு ஒடிந்துவிட்டது!"

"அப்படியானால் கிழக்கேயும் ஒரு செந்நாய் வந்திருக்கிறது!" என்றது நீலன். "அதோடு தனியாகச் சண்டை போட்டிருக்கிறாள்!"

"இரண்டு பக்கமும் வளைத்துவிட்டார்களா? ஒரு குருவி என்ன செய்யும், பாவம்!" என்றது உருமன்.

செங்கண்ணி அலகைத் திறந்தது. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் வரவில்லை. அலகை மூடிக்கொண்டது.

செவியன் காடெல்லாம் அலைந்து வெட்டுக்காயப் பூண்டு தேடியது. அந்தக் கோடையில் பச்சையாக ஒரு செடி கிடைப்பதே அரிது. ஒரே ஒரு கைப்பிடி கிடைத்தது. அதை மென்று மின்னியின் காலில் வைக்கப் போனபோது, பொட்டழகி தடுத்தது.

"பாதியைச் செங்கண்ணிக்கு வை."

"அக்கா, குட்டிக்கே போதாது."

"எங்களுக்காகத்தானே அவளுக்கு அடிபட்டது? பாதியை அவளுக்கு வை, செவியா."

செவியன் பாதித் தழையைச் செங்கண்ணியின் சிறகில் அப்பியது. ஒடியாத சிறகில் குளிர்ச்சியாக இருந்தது. செங்கண்ணி கண்ணை மூடிக்கொண்டது.

"வலிக்கிறதா?" என்று பொட்டழகி கேட்டது.

"வலிக்கிறது, அக்கா."

அது மட்டும் பொய் இல்லை.

மறுநாளிலிருந்து செங்கண்ணி சிறகை இழுத்துக்கொண்டேதான் நடந்தது. யாராவது பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாக இழுத்தது. முட்டைகளின் பக்கம் வந்த பிறகே மடக்கியது.

"எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?" என்று தத்தன் கேட்டது.

"குஞ்சு பொரிக்கட்டும். பிறகு ஆறிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்."

"சிறகு ஆறிவிடும். அந்தக் குட்டியின் கால்?"

செங்கண்ணி எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில் விலங்குகள் கோபத்தை மந்தியின் மேல் திருப்பின. மருத மரத்து நிழலில்கூட யாரும் நிற்பதில்லை. மந்திக் குட்டிகள் தண்ணீர் குடிக்க இறங்கினால் உருமன் துரத்தியது. "ஆபத்து நேரத்தில் ஆளைக் குழப்பிவிட்ட கூட்டம்தானே! போங்கள் அந்தப் பக்கம்!"

ஒரு மாலையில் வாலழகன் சரளைக் கரைக்கு இறங்கி வந்தது. இந்த முறை அது சிரிக்கவில்லை.

"கிழக்கே ஒன்றுமே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

"தெரியும்."

"தெரிந்துகொண்டுமா சும்மா இருக்கிறாய்? என் குட்டிகள் இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை! போய்ச் சொல்!"

"நீங்களே சொல்லுங்களேன், அண்ணே."

"நான் சொன்னால் யார் நம்புவார்கள்? வேலையை விட்டுப் போனவள்மேல் வயிற்றெரிச்சல் என்பார்கள். உன் வாயால் வந்தால்தான் உண்டு." மந்தி காறித் துப்பிவிட்டு மரத்தில் ஏறியது.

செந்நாய் வந்துபோன எட்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. நான்கு குஞ்சுகள். பஞ்சுபோல் உடம்பு, குச்சிக் கால்கள். பிறந்த அன்றே கற்களுக்கு நடுவில் ஓடத் தொடங்கின. செங்கண்ணி அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட முயன்றது. ஒவ்வொரு முறையும் மின்னியின் கால் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வாரமே குளத்துத் தண்ணீர் சேறாகிவிட்டது. மலைக்கு அப்பால் ஆறு இருந்தது. மான் கூட்டம் அங்கே போக முடிவு செய்தது. இரண்டு நாள் நடக்க வேண்டும். மின்னியால் இருபது அடி நடக்க முடியவில்லை. புண் ஆறியிருந்தது. ஆனால் கால் கோணலாகக் கூடியிருந்தது. மருந்து போதவில்லை.

பொட்டழகி செங்கண்ணியிடம் வந்தது.

"கூட்டம் நாளைக் காலையில் கிளம்புகிறது. நானும் மின்னியும் இங்கேயே இருக்கப் போகிறோம். மழை வரும் வரை சேற்றுத் தண்ணீர் போதும்."

"தனியாகவா, அக்கா? கூட்டம் இல்லாமலா?"

"தனியாக என்று யார் சொன்னது? நீ இருக்கிறாயே! நீ சிறகை ஒடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். உன் குரலை நம்பித்தான் இருக்கப் போகிறேன். மின்னியிடமும் சொல்லிவிட்டேன். 'கால் எப்படி இருந்தாலும் சரி, செங்கண்ணி கூவினால் எதிர்ப்பக்கம் ஓடு, யார் என்ன சொன்னாலும் கேட்காதே' என்று."

மின்னி மூன்று காலில் நின்றுகொண்டு, "ஓடுவேன் சித்தி!" என்றது.

செங்கண்ணியின் பின்னால், கற்களுக்கு நடுவில், நான்கு குஞ்சுகள் மூச்சுவிடாமல் படுத்திருந்தன. அவை பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஒரு செந்நாய் வந்தால் தன் கால்கள் என்ன செய்யும் என்று செங்கண்ணிக்கு இப்போது நன்றாகத் தெரியும். கவனமாக இருப்பேன் என்று இனித் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

"அக்கா, நாளைக் காலையில் எல்லோரையும் குளத்துக்கு வரச் சொல்லுங்கள். மந்தியையும்" என்றது.

"அந்தக் குரங்கு எதற்கு?"

"அதுவும் வர வேண்டும்."

காலையில் எல்லோரும் வந்தார்கள். மந்தி மட்டும் மரத்திலிருந்து இறங்காமல் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. செங்கண்ணி வழியெல்லாம் சிறகை இழுத்தபடியே வந்து நடுவில் நின்றது.

"ஐயோ பாவம், இன்னும் ஆறவில்லையே!" என்றது செவியன்.

அதைக் கேட்டதும் செங்கண்ணிக்குத் தலை தாழ்ந்துவிட்டது. பிறகு இரண்டு சிறகுகளையும் விரித்தது. நேராக மேலே எழுந்தது. குளத்தைச் சுற்றி ஒரு வட்டம், இன்னொரு வட்டம் பறந்தது. காய்ந்துபோன தழைத் துணுக்குகள் சிறகிலிருந்து உதிர்ந்தன. திரும்பி வந்து அதே இடத்தில் இறங்கியது.

செவியன் உதிர்ந்த தழையை முகர்ந்து பார்த்தது.

"என் சிறகு ஒடியவே இல்லை. கிழக்கே செந்நாயும் இல்லை. மேற்கே சரளையில் என் முட்டைகள் இருந்தன. செந்நாய் அங்கே வந்தது. நான் அதைக் கிழக்கே இழுக்கப் பார்த்தேன். உங்களை மேற்கே ஓட வைத்துவிட்டேன். மந்தி சொன்னதுதான் உண்மை."

"விரியன் பாம்பு?" என்று உருமன் கேட்டது.

"பாம்பும் இல்லை."

நீலன் தோகையைச் சுருக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. செவியன், "அந்த மருந்துக்காக நான் எவ்வளவு தூரம்…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தியது.

பொட்டழகி செங்கண்ணியின் பக்கத்தில் வந்து நின்றது. அதன் மூச்சு செங்கண்ணியின் தலையில் பட்டது. ஒரே மிதியில் கதை முடிந்துவிடும். செங்கண்ணி நகரவில்லை.

"முட்டை இருக்கிறது என்று எங்களிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் ஒரு மாதம் காவலை நிறுத்த வேண்டும். நீங்கள் எல்லோரும் மந்தியிடம் போய்விடுவீர்கள் என்று பயந்தேன்."

"போயிருப்போம். ஒரு மாதம் போயிருப்போம். குஞ்சு பொரித்ததும் திரும்பி வந்திருப்போம். அந்தச் சரளைப் பக்கம் ஒரு குளம்புகூடப் பட விட்டிருக்க மாட்டோம். நானும் குட்டி பெற்றவள்தானே, செங்கண்ணி? எனக்குத் தெரியாதா?"

செங்கண்ணிக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

"மன்னித்துவிடுங்கள், அக்கா."

"அதை என்னிடம் கேட்காதே. நொண்டுவது நான் இல்லை."

செங்கண்ணி மின்னியின் பக்கம் திரும்பியது. மின்னி தாயின் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பொட்டழகி மருத மரத்தை நிமிர்ந்து பார்த்தது. "வாலழகா, உன்னைப் பேசியதெல்லாம் தப்பு. மழை வரும் வரை நானும் என் குட்டியும் உன் மரத்தடியில் இருந்துகொள்ளலாமா?"

மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் கோபம் இருந்தது. ஆனால் குட்டியின் காலைப் பார்த்தது. "இருந்துகொள்ளுங்கள். என் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விடச் சொல்லுங்கள் அந்தப் பன்றியை!"

"விடுகிறேன், விடுகிறேன்" என்று உருமன் முணுமுணுத்தது. பிறகு செங்கண்ணியைப் பார்த்து, "உன் காவல் இனி எனக்கு வேண்டாம்" என்றது.

"எனக்கும் வேண்டாம்" என்றது மயில். முயல் அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டது.

அந்தக் கோடை முடியும் வரை செங்கண்ணியிடம் யாரும் வரவில்லை. அது தன் குஞ்சுகளை மட்டும் பார்த்துக்கொண்டது. ஆனால் ஒரு வேலையை மட்டும் யாரும் கேட்காமலே செய்தது. தினமும் காலையில் காடெல்லாம் சுற்றி, எங்காவது ஒரு பச்சைத் தழை கண்டால் அலகில் கொத்திக்கொண்டு வரும். மருத மரத்துக்குச் சற்றுத் தள்ளி, மின்னிக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். சில நாள் மின்னி அதைத் தின்னும். சில நாள் தழை அங்கேயே காய்ந்து கிடக்கும்.

ஆனி மாதம் மழை வந்தது. குளம் நிரம்பியது. மான் கூட்டம் ஆற்றிலிருந்து திரும்பியது. செங்கண்ணியின் குஞ்சுகள் பறந்து போய்விட்டன.

ஒரு நாள் பொட்டழகி சரளைக் கரைக்கு வந்தது.

"உன் குஞ்சுகள் எங்கே?"

"நான்கும் வடக்கே இருக்கும் புல்வெளிக்குப் போய்விட்டன, அக்கா."

"வேறு முட்டை?"

"இல்லை. இனி அடுத்த பங்குனியில்தான். அப்போது காவல் இருக்காது. இட்ட அன்றே வந்து சொல்லிவிடுவேன். இடத்தையும் காட்டிவிடுவேன்."

"ஆள்காட்டிகள் இடத்தைச் சொல்வதில்லை என்பார்களே."

"நான் சொல்வேன்."

பொட்டழகி மருத மரத்தைத் திரும்பிப் பார்த்தது. "மரத்தின் மேலிருந்து புல்லுக்குள் இருப்பது தெரியவில்லை என்று வாலழகனே சொல்கிறது. சரி, இன்று தண்ணீர் குடிக்கப் போகிறோம். தரையைப் பார்த்துக்கொள்."

செங்கண்ணி தலையை மட்டும் ஆட்டியது.

அன்று உண்மையாகவே ஒரு சிறுத்தை வந்தது. வடக்குக் கரைப் புல்லுக்குள் பதுங்கியிருந்தது. செங்கண்ணி அதற்கு நேர் மேலே எழுந்து, சிறுத்தையின் நகம் எட்டும் உயரத்தில் நின்று கூவியது. மான்கள் தெற்கே பாய்ந்தன.

மின்னி மட்டும் உடனே ஓடவில்லை. முதலில் மருத மரத்தை நிமிர்ந்து பார்த்தது. "வடக்கேதான்! வடக்கேதான்! ஓடு!" என்று மந்தி கத்திய பிறகே, கோணல் காலை இழுத்துக்கொண்டு தெற்கே ஓடியது. தப்பிவிட்டது.

செங்கண்ணி எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்தது. குட்டி நின்ற அந்த ஒரு நொடியைப் பார்த்தது. அந்த நொடியில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்பதையும் பார்த்தது. அதைப் பற்றி அது யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கீழே இறங்கி, புல்லைக் கவனித்தபடி மறுபடியும் நடக்கத் தொடங்கியது.

பிறரைக் காக்கும் பொறுப்பை ஏற்பவர், தம்முடைய சொந்த நலன் அதற்குக் குறுக்கே எங்கே நிற்கிறது என்பதை, அவர்கள் தம்மை நம்பத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.